பன்றிகள் வந்த வழி

என் தம்பிக்கு விமான நிலையத்தில் வேலை என்றால் கேட்பவர்கள் கண்ணை விரிப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். அவன் விமானம் ஓட்டுபவன் இல்லை, கொக்கு ஓட்டுபவன். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை ஓடுபாதையை ஒட்டிய புல்வெளியில் துப்பாக்கியோடு நடப்பான். பறவை இறங்கினால் டமால் என்று ஒரு வெற்று வெடி. அங்கே அவனுக்குப் பெயரே டமால்தான். ஒரு நாளைக்கு நாலு விமானம் வந்து போகிற சின்ன நிலையம். ஆனால் எஞ்சினுக்குள் ஒரு நாரை போனால் போதும், உள்ளே இருக்கிற அத்தனை பேர் உயிரும் ஊசலாடும்.

இருபது வருடம் அண்ணாந்து அண்ணாந்து அவன் கழுத்து அப்படியே நின்றுவிட்டது. வீட்டிலும் வாசற்படியில் இடறாத நாள் இல்லை.

"கீழ பார்த்து நடடா, எருமை!" என்று கத்துவேன்.

"கீழ என்னக்கா இருக்கு?" என்பான்.

என்னால் கத்த மட்டும்தான் முடியும். நாலு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் போய்விட்டன. "வாய் மட்டும் தப்பிச்சிடுச்சு பாரு, அதான் என் தலையெழுத்து" என்று சிரிப்பான். எங்களுக்கு வேறு யாரும் இல்லை. ஆள் வைத்துப் பார்த்தோம். வந்த இரண்டு பேரும் என் வாய்க்குப் பயந்து ஒரு மாதத்தில் ஓடிவிட்டார்கள்.

என் கட்டிலிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெருகூடத் தெரியாது. விமான நிலையத்தின் பின்பக்க வேலிதான் தெரியும். எழுந்து நடக்க முடிந்தால் நூறு அடி. ஆனால் அதன் வாசல் அந்தக் கோடியில் இருக்கிறது, சைக்கிளில் சுற்றி வர முக்கால் மணி நேரம் ஆகும். மத்தியானம் என்னைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும். புரட்டாமல் விட்டதில் ஒரு தடவை முதுகில் புண் வந்து, ஆற ஐந்து மாதம் ஆனது. அதற்கப்புறம்தான் அவன் அந்தக் காரியத்தைச் செய்தான். பழைய தீயணைப்புக் கொட்டகைக்குப் பின்னால் வேலிக் கம்பியை அடியில் வெட்டி, ஒரு ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டான். அதன்மேல் ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்தான். தினமும் பன்னிரண்டரைக்கு வருவான், கால் மணி நேரத்தில் ஓடிவிடுவான். வெளியே தெரிந்தால் வேலை போகும். மூன்று வருடம் யாருக்கும் தெரியவில்லை.

இந்த வருடம் மழை விட்டதும் புல்வெளியில் மண் புரண்டு கிடக்க ஆரம்பித்தது. காட்டுப்பன்றிகளின் வேலை. கிழங்குக்கும் புழுவுக்கும் மூக்கால் கிளறிப் போட, கிளறிய மண்ணில் குருவிக் கூட்டம் வந்து இறங்கியது. பன்றிகள் சேற்றில் படுத்துப் புரண்ட இடமெல்லாம் பள்ளமாகித் தண்ணீர் நின்றது. தண்ணீருக்குத் தவளை வந்தது, தவளைக்குக் கொக்கும் நாரையும் வந்தன.

"நான் பத்த விரட்டினா அது இருபதுக்குப் பந்தி விரிக்குதுக்கா" என்றான் தம்பி.

அதிகாரியிடம் போனான். "உன் பிரிவு பறவை. பன்னி வேலிப் பிரிவு. அங்க போய்ச் சொல்லு" என்றார். வேலி மேஸ்திரியோ இருந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பதிவேட்டைத் திறந்து காட்டினார். "வேலியில ஓட்டையே கிடையாது. பாரு, வாரா வாரம் கையெழுத்துப் போட்டிருக்கேன்." நேரில் வந்து பாருங்கள் என்று என் தம்பி எந்த வாயால் சொல்வான்? பன்றி மழைநீர்க் கால்வாய் வழியாக வருகிறது என்று அவனாகவே முடிவு கட்டி, அங்கே கல் அடுக்கினான்.

பன்றி எந்த வழியாக வருகிறது என்று எனக்குத் தெரியும்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சாயங்காலம் ஆறரை மணிக்கு, இவன் சைக்கிளில் பாதி வழி வந்திருக்கும் நேரத்தில், என் ஜன்னலுக்கு எதிரே தாய்ப்பன்றி வரும். பின்னால் கோடு போட்ட ஆறு குட்டிகள். தாய் மூக்கால் ஒரு தள்ளு தள்ளும், தகரம் சாயும். ஒவ்வொன்றாக உள்ளே போகும். மறுநாள் தகரம் விழுந்து கிடப்பதைப் பார்த்து இவன் காற்று என்று நினைத்துக்கொள்வான். ஓட்டைக்கு அடியில் மண் முழுக்கக் குளம்புத் தடம். வானத்தில் புள்ளியாகப் போகிற பறவைக்குப் பெயர் சொல்கிறவன், காலடியைப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் நான் மூச்சு விடவில்லை. சொன்னால் ஓட்டையை அடைத்துவிடுவான். அப்புறம் காலையிலிருந்து ராத்திரி வரை நான் போட்டது போட்டபடி, ஈரத்தில். அந்தப் புண்ணின் நாற்றம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

பிறகு ஒரு நாள் இறங்குகிற விமானத்தின் முன்கண்ணாடியில் நாரை மோதியது. கண்ணாடி விரிசல் விட்டது, எப்படியோ இறக்கிவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்த தம்பி சாப்பிடவில்லை.

"இன்னொரு பறவை மோதினா நீ வராதேன்னுட்டாங்க. அது போகட்டும். முப்பத்தெட்டு பேருக்கா உள்ள. ஒரு பொம்பளை படியில இறங்க கால் வராம அப்படியே உக்காந்துட்டா. நான்தான் தூக்கி இறக்கினேன்." சுவரைப் பார்த்துச் சொன்னான். "அந்தச் சனியன் எங்க நுழையுதுன்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

எத்தனையோ பேரை ஏசிய வாய், அந்த ஒரு வரியைச் சொல்லத் திணறியது.

"உன் வழியாத்தான்டா வருது."

திரும்பினான்.

"எத்தனை நாளா தெரியும்?"

"மூணு வாரமா."

அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். போர்வையை என் தோள்வரை இழுத்துவிட்டான். "சொல்லியிருக்கலாம்லக்கா" என்றான். நான் வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் பன்னிரண்டரைக்கு வந்தான். புரட்டினான், துணி மாற்றினான், தண்ணீர் கொடுத்தான். கால் மணி நேரம் முடிந்தும் கொஞ்சம் நின்றான். பிறகு குனிந்து வேலிக்கு உள்ளே போய், இடுக்கியை எடுத்து, கம்பியை முறுக்கி முறுக்கி உள்பக்கமிருந்து அடைத்தான். கடைசி முறுக்கு வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்றிகள் வந்தன, முட்டின, முடியவில்லை. வேலிக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இருந்த நிலத்தைக் கிளற ஆரம்பித்தன. ஒரே வாரத்தில் என் ஜன்னலுக்கு வெளியே பள்ளம், தண்ணீர், தவளைச் சத்தம், பத்துப் பன்னிரண்டு கொக்கு. வேலிக்கு இவ்வளவு பக்கத்தில் கொக்கை விட முடியுமா? தினமும் மத்தியானம் டமால் வந்துவிடுவான், கம்பிக்கு அந்தப் பக்கம். ஒரு வெடி. கொக்குகள் எழும்பும்.

"அக்கா!" என்று கத்துவான்.

"உயிரோடதான்டா இருக்கேன், போ!" என்று நானும் கத்துவேன்.

அது ஒரு மாதம் நடந்தது. வெயில் ஏறியதும் பள்ளம் வற்றியது. தவளை போனது, கொக்கு போனது, பன்றிகளும் ஈரத்தைத் தேடி எங்கோ போய்விட்டன. பறவையில்லாத மூலைக்கு வர அவனுக்கு வேலையில்லை. பறவை இறங்குகிற அந்தக் கோடியில்தான் இப்போது நிற்கிறான். என் முதுகில் பழைய இடத்தில் தோல் உரிந்துவிட்டது. ராத்திரி மருந்து தடவுகிறான்.

காலையில் ஒரு தட்டில் ரொட்டி வைத்துவிட்டுப் போகிறான். ஜன்னல் என் வலது கைக்கு எட்டும். நாலு துண்டு வெளியே எறிந்தால் பறவை வரும். பறவை வந்தால் அவன் வருவான். நேற்று பன்னிரண்டரைக்கு ஒரு துண்டைப் பிய்த்துக் கையை வெளியே நீட்டியும் விட்டேன். அந்த நேரம் பார்த்து விமானம் தாழ இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த முகங்கள்கூடத் தெரிவது போல இருந்தது.

கையை உள்ளே இழுத்து, ரொட்டியை நானே தின்றேன்.