அத்தர் பூசிய கலியாணச் சீடி

கொம்பியூட்டரின் தட்டு 'கிர்ர்' என்று வெளியே வந்தபோது அத்தர் வாசம் முகத்தில் அடித்தது. என் மூத்த சகோதரி ராத்தாவின் கலியாணச் சீடி அது. உள்ளே தள்ளினால் சுழலும், மூச்சு வாங்குவதுபோல் நிற்கும், மறுபடி சுழலும், கடைசியில் தட்டில் ஒன்றுமே இல்லை, சீடியைப் போடு என்று திரையில் எழுதிக் காட்டும். கண்ணுக்கு முன்னால் இருக்கும் சாமானை இல்லை என்று சாதிக்கும் அந்த யந்திரத்தின்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

கல்முனைக்குடியில் கடற்கரையோரம் இருந்த எங்கள் வீட்டைச் சுனாமி கொண்டுபோனபோது உம்மாவையும் கொண்டுபோனது, உடலும் கிடைக்கவில்லை. போட்டோ அல்பங்கள், அடையாள அட்டை என்று அவர் முகம் இருந்த எல்லாமும் போயின, கலியாணத்தைப் படம் பிடித்த வீடியோக் கடையும் போனது. ஆனால் எங்கள் பக்கத்தில் கலியாணச் சீடி ஒரு வீட்டில் தங்குவதில்லை, சொந்தக்காரர் வீடுகளை எல்லாம் சுற்றித்தான் திரும்பி வரும். அன்று அது சம்மாந்துறையில், வாப்பாவின் தங்கையான மாமியின் அலுமாரியில் இருந்தது. பார்க்க மனத்தைரியம் இல்லாமல் அங்கேயே விட்டுவைத்திருந்தோம். யுத்தம் முடிந்த வருடம் என் படிப்புக்கென்று வாப்பா ஒரு பழைய கொம்பியூட்டர் வாங்கித் தந்ததும், நான்தான் போய் அதைக் கேட்டு வாங்கி வந்தேன்.

வாப்பாவின் தம்பியான சாச்சாவுக்கு இது பிடிக்கவில்லை. "மௌத்தானவங்களுக்குத் துஆக் கேளுங்க, படம் பாத்து என்ன செய்யிற?" என்றார். யுத்தம் முடிந்ததென்று சந்தியில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்த கிழமை அது. யுத்தத்தைப் பற்றியும் அவர் அதையேதான் சொன்னார். "எல்லாம் முடிஞ்சிட்டு. இனிப் பழசக் கதைக்காதீங்க." எனக்கு முடிந்திருக்கவில்லை. உம்மாவின் முகம் ஞாபகம் இருந்தது, குரல் போய்க்கொண்டிருந்தது. நினைவில் தேடினால் ராத்தாவின் குரல்தான் வந்தது. அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லாமல், சீடியை ஓட்ட மறுத்த கொம்பியூட்டரை முச்சக்கர வண்டியில் ஏற்றி பஜாரில் திருத்துகிற கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரர் டிரைவைக் கழற்றி லென்சைத் துடைத்தார், வேறு டிரைவ் பூட்டியும் பார்த்தார். மற்றச் சீடிகள் எல்லாம் ஓடின, இது மட்டும் ஓடவில்லை. "டிரைவ்ல பிழையில்ல தங்கச்சி. சீடிதான் முடிஞ்சிட்டு, எறிஞ்சிடுங்க" என்றார். முடிஞ்சிட்டு என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துப்போயிருந்தது. வீட்டுக்கு வந்து வீம்புக்கு இன்னொரு முறை போட்டுப் பார்த்தபோதுதான், சுழன்று சூடேறிய சீடியிலிருந்து அந்த வாசம் எழும்பியது. யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தேன். ஒரு பக்கம் முழுவதும் எண்ணெய்ப் படலம், அதில் ஒட்டிய தூசி.

மாமிக்குப் போன் எடுத்தேன். "ஓம் மகள், நான்தான் பூசின" என்றார். "உம்மாட மையித்துக் கிடைக்கல்லயே, போத்தி அடக்குற கபன் புடவைக்கு அத்தர் பூச நமக்குக் குடுத்து வெக்கல்ல. அவ இருக்கிற சாமான் இது ஒண்டுதானே. பெருநாளைக்குப் பெருநாள் பூசி வெச்சன்." ஏசத்தான் போன் எடுத்திருந்தேன். போனை வைத்துவிட்டுக் குசினிக்குப் போனேன்.

அகலமான கோப்பையில் தண்ணீர் எடுத்து, கோப்பை கழுவும் சவர்க்காரத்தில் கொஞ்சம் கரைத்தேன். வாசலில் நின்ற வாப்பா, "கடல் கொண்டுபோனது காணாதா மகள், இதையும் தண்ணிக்குள்ள போடுறியே" என்றார். போட்டேன். பழைய பருத்தித் துணியால், நடு ஓட்டையிலிருந்து விளிம்புக்கு நேர்நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைத்தால் கீறல் பதிவின் வழியிலேயே விழும். நன்றாகக் காயவிட்டுத் தட்டில் வைத்துத் தள்ளினேன். சுழன்றது, நின்றது, பிறகு நிற்காமல் சுழன்றது.

படத்தில் ஆண்கள் பக்கம் ஓடி முடிந்து குசினி வாசல் வந்தது. பலர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய சஹன் தட்டு ஒன்றை வெறுமையாகத் தூக்கிக்கொண்டு வந்த உம்மா, கமராவைக் கண்டதும் அந்தத் தட்டை முகத்துக்கு நேரே பிடித்தார். "என்ன எடுக்காத தம்பி. எனக்கு விருப்பமில்ல. அங்கால போய் மாப்பிள்ளைய எடு." முழுச் சீடியிலும் உம்மா அவ்வளவுதான். ஆனால் அந்தக் குரல் ராத்தாவின் குரல் அல்ல, என் உம்மாவின் குரல். "திருப்பிப் போடு மகள்" என்றார் வாப்பா.

இன்று என் மடிக்கணினியில் சீடி போட இடமே இல்லை. பஜாரில் அந்தக் கடை இருந்த இடத்தில் போன் உறை விற்கிறார்கள். உம்மாவின் அந்தத் துண்டை நான் எப்போதோ பிரதி எடுத்துப் போனில் வைத்துவிட்டேன். சாச்சாவுக்கு வயதாகிவிட்டது, பேச்சு மட்டும் மாறவில்லை. "அழிச்சிடு மகள். எடுக்க வேணாமெண்டு அவவே சொல்றாதானே, அவவுக்கு விருப்பமில்ல" என்று போன பெருநாளும் சொன்னார்.

உம்மாவுக்கு மௌத்தாகவும் விருப்பம் இருக்கவில்லை. நான் அழிக்க மாட்டேன்.