பட்டன் புள்ளி

கடைத்தெருவில் அவளை எல்லோரும் புள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் வந்தது அக்காவின் சலவைக் கடையால்.

கடையின் பெயர் ‘மடிப்பு’. முதல் போர்டை எழுதிய பெயின்டர் ப் மேல் வைக்க வேண்டிய புள்ளியை மறந்துவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ‘மடிபபு’ என்று எழுத்துக் கூட்டிப் படித்து, போகிறவர் வருகிறவரெல்லாம் சிரித்தார்கள். அக்கா அலட்டிக்கொள்ளவில்லை. யாருடைய கோட்டிலிருந்தோ தெறித்து விழுந்த பெரிய பட்டன் ஒன்று மேசை இழுப்பறையில் கிடந்தது. அதில் பசையைத் தடவி, புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

தங்கை அப்போதுதான் டிசைன் படித்து முடித்துவிட்டு வேலை தேடி அலைந்துகொண்டிருந்தாள். போர்டைப் பார்த்தவள் தெருவிலேயே நின்றுவிட்டாள். “இத யாரும் தொடக் கூடாது” என்றாள். அந்தப் பட்டனையே கடையின் முத்திரையாக்கினாள். பில், பை, உறை, ஹாங்கர் அட்டை, துணி கொண்டுபோகும் வேன் என எங்கே பார்த்தாலும் ஒரே நீலம், ஒரே எழுத்து, ப் மேல் நான்கு துளைப் பட்டன். ஒருமுறை இரண்டு துளைப் பட்டனோடு அச்சாகி வந்த பைக் கட்டை அப்படியே திருப்பி அனுப்பினாள்.

“ரெண்டு ஓட்டை குறைஞ்சா துணி வெளுக்காதாம்மா?” என்றார் அச்சகக்காரர்.

“துணி வெளுக்கும்ணே. கடைக்குத்தான் சாயம் போயிடும்.”

அன்றிலிருந்து அத்தான் அக்காவைப் பெரிய புள்ளி என்றும் இவளைச் சின்னப் புள்ளி என்றும் கேலி செய்ய ஆரம்பித்தார். போகப் போகச் ‘சின்ன’ உதிர்ந்துவிட்டது.

மடிப்பைப் பார்த்து மற்ற கடைக்காரர்களும் அவளைத் தேடி வந்தார்கள். எதிர்மாடியில் ஒரு அறை எடுத்துக் கம்ப்யூட்டரைப் போட்டு உட்கார்ந்தாள். வந்தவர்களோடு தினமும் மல்லுக்கட்டுதான். தையல்கடைக்காரருக்கு விசிட்டிங் கார்டில் தன் போட்டோ, கத்தரிக்கோல், ரோஜாப்பூ, மூன்று வகை எழுத்து எல்லாம் வேண்டும்.

“இவ்வளவும் போட்டா கடை பேர எங்க போடறது?”

“பின்பக்கம் சும்மாதானே கெடக்கு.”

“அண்ணே, நீங்க தினம் ஒரு மூக்கோட ரோட்டுல போனா உங்கள யாருக்காவது அடையாளம் தெரியுமா?”

“மூக்கு மாறினா என் பொண்டாட்டி சந்தோஷப்படுவாம்மா” என்றார் அவர். ஆனாலும் ரோஜாவை விட்டுக்கொடுத்தார்.

மதியச் சாப்பாடு அக்கா வீட்டில்தான். கடைக்குப் பின்னால் ஒரு திரை, திரையை விலக்கினால் படி, படியேறினால் வீடு. அம்மா போனபிறகு இவளுக்குத் தலைவாரிவிட்டு வளர்த்தவள் அக்கா. இன்னும் இவள் படியேறும் சத்தம் கேட்டதும், “ஏன்டி புள்ளி, இன்னிக்கு யார் குடிய கெடுத்த?” என்றுதான் வரவேற்பாள்.

பேருந்து நிறுத்தத்துக்கு அந்தப் பக்கம் கிளை திறந்தபோது புள்ளி பிடிவாதமாக நின்றாள். மேசை அதே உயரம். கதவில் அதே பித்தளைக் கைப்பிடி, அதே மணி. பின்னால் அதே நீலத்திரை. “திரைக்குப் பின்னாடி சுவர்தானே இருக்கு, எதுக்குத் திரை?” என்று அத்தான் கேட்டார்.

“கண்ண மூடிக்கிட்டு வந்தாலும் நம்ம கடைன்னு தெரியணும் அத்தான்.”

அவள் செய்ததிலேயே சிறந்த வேலை அது என்று தெருவே சொன்னது. அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது.

அக்காவுக்கு மறதி வந்தது அதற்கப்புறம். முதலில் சீட்டு மாறியது, ஒருவர் சட்டை இன்னொருவர் வீட்டுக்குப் போனது. பிறகு பால் பொங்கி அடுப்பு அணைந்தது. பிறகு ஆட்களின் முகம். ஆனால் கை மட்டும் எதையும் மறக்கவில்லை. எந்தத் துணியைக் கொடுத்தாலும் ஓரம் ஓரத்தோடு சேர மடித்து வைத்துவிடுவாள். வெளியே போனால் தெருப்பெயரும் வீட்டு எண்ணும் நினைவிருக்காது. நீலப் போர்டையும் பட்டனையும் பார்த்துப் பார்த்துத் திரும்பி வந்துவிடுவாள். மருத்துவர், “அவங்க கண்ணுக்குப் பழகினது எதையும் மாத்தாதீங்க” என்றார். புள்ளிக்கு அன்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமை கொஞ்ச நாளில் கரைந்தது. கிளையைப் பார்த்துக்கொண்ட பெண் ஒரு நாள் போன் செய்தாள். “அக்கா இங்க வந்திருக்காங்க. சீக்கிரம் வாங்க, எனக்குப் பயமா இருக்கு.”

புள்ளி ஓடினாள். நீலத்திரை விலகிக் கிடந்தது. அக்கா சுவரை இரண்டு உள்ளங்கையாலும் தடவிக்கொண்டிருந்தாள். “படி எங்கடி? இங்கதானே இருந்துச்சு. யாரோ வீட்ட எடுத்துட்டுப் போயிட்டாங்கடி.”

கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டாள். ஆனால் அது ஓயவில்லை. பேருந்து நிறுத்தத்திலிருந்து இடப்பக்கம் திரும்பினால் வீடு, வலப்பக்கம் திரும்பினால் சுவர். அக்காவின் கண்ணுக்கு இரண்டும் ஒன்று.

“ஒண்ண மாத்தித்தான் ஆகணும். இது வீடு, இதைத் தொட முடியாது. கிளையோட கலர மாத்திடு” என்றார் அத்தான்.

“வேற வழி பாக்கறேன் அத்தான். கொஞ்சம் பொறுங்க.”

கதவில் அம்புக்குறி ஒட்டினாள். அத்தானின் படத்தை வீட்டுக்கடை வாசலில் மாட்டினாள். கிளையின் திரையைக் கழற்றினாள். ஒன்றும் எடுபடவில்லை. போர்டைத் தொட மட்டும் அவளுக்குக் கை வரவில்லை. அந்தத் தயக்கத்தில் நாட்கள் ஓடின. ஒரு மாலை சுவரைப் பார்த்து மிரண்ட அக்கா, அலறியபடி தெருவுக்கு ஓடினாள். ஒரு ஸ்கூட்டர் இடித்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, மணிக்கட்டு முறிந்தது. மடிக்கிற கை.

அன்றிரவே புள்ளி பெயின்டருக்குப் போன் செய்தாள்.

மறுவாரம் பெயின்டரோடு கிளைக்குப் போனாள். அத்தானுக்குக் கடையை விட்டு நகர முடியாத நாள் என்பதால் அக்காவையும் அழைத்துப் போக வேண்டியிருந்தது. நடைபாதையில் ஒரு ஸ்டூல் போட்டு, கட்டுப்போட்ட கையோடு உட்கார வைத்தாள். நீலத்தின் மேல் ஆரஞ்சு ஏறியது. பழைய எழுத்து போய் வேறு எழுத்து வந்தது. கைப்பிடியைக் கழற்றினார்கள், மணியை இறக்கினார்கள். கடைசியில் பெயின்டர் போர்டிலிருந்த மரப்பட்டனை நெம்பி எடுத்தார். அந்த இடத்தில் வெறும் வட்டப்புள்ளி ஒன்றை வைத்தார்.

அதுவரை சும்மா இருந்த அக்கா, பக்கத்தில் நின்ற தங்கையை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏம்மா, யாரக் கேட்டு இதெல்லாம் பண்றீங்க?”

புள்ளிக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. இவள் பிறந்ததிலிருந்து ‘டி’ போட்டே பழகிய வாய் அது.

“என் தங்கச்சி பாத்தா அவ்ளோதான்” என்றாள் அக்கா. “ஒரு ஓட்டை குறைஞ்சாலே பேயாட்டம் ஆடுவா.”

“ரொம்பக் கோவக்காரங்களா?” என்று புள்ளி கேட்டாள். அக்காவை அவள் ஒருநாளும் இப்படி அன்னியமாகக் கேட்டதில்லை.

“கோவமெல்லாம் இல்ல. அவளுக்கு எல்லாம் இருந்த எடத்துல இருக்கணும். சின்னதுலயே அம்மா போயிட்டாங்க பாருங்க, அதான்.” கட்டில்லாத கையை நீட்டினாள். “அந்தப் பட்டனக் குடுங்க. அவகிட்ட பத்திரமா சேக்கணும்.”

புள்ளி கொடுத்தாள். பெயின்டர் தூரிகையைக் கழுவுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேலை முடிந்து இருவரும் நடந்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் அக்கா வலப்பக்கம் பார்த்தாள். ஆரஞ்சு அவளை ஒன்றும் செய்யவில்லை. இடப்பக்கம் பார்த்தாள். தூரத்தில் நீலம் தெரிந்தது. அவ்வளவுதான், கால் வேகமெடுத்தது. கடை வாசல் வந்ததும் புள்ளியின் கையை விட்டாள்.

“வீடு வந்துடுச்சு. நீங்க கெளம்புங்கம்மா, உங்க வீட்ல தேடுவாங்க.”

அக்கா பித்தளைக் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினாள். மணி அடித்தது. உள்ளே கால் வைத்தவள் ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பினாள்.

“அவள எங்கயாவது பாத்தா சொல்லுங்க. இங்க ஒண்ணும் மாத்தல, அப்படியேதான் இருக்குன்னு.”

“சொல்றேங்க” என்றாள் புள்ளி.