தூக்காதீங்க, அப்படியே கிடக்கட்டும்

மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த எங்கள் பெரியப்பா அடிக்கடி சொல்வார்: “கீழ விழுந்தவனப் பாத்தா மொதல்ல தூக்கி விடுங்கடா, அப்புறமா…” அப்புறம் என்ன என்பது எனக்குச் சுத்தமாக மறந்துவிட்டது. முதல் பாதியை ஊரையே மறக்க வைப்பதுதான் இப்போது என் பிழைப்பு. முதுகெலும்பில் அடிபட்டவரைக் கண்டபடி தூக்கினால், உடைந்த எலும்பு உள்ளே ஓடும் நரம்புத் தண்டை நசுக்கிவிடும். அப்புறம் ஆயுசுக்கும் படுக்கைதான்.

மஸ்கட்டில் ஆம்புலன்சில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, மதுரையிலும் அதே வேலையில் ஏறியவன் நான். சைரனோடு குடும்பம் நடத்துகிற என் இனத்தாரே, இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

சோடா

சிம்மக்கல்லில் ஒரு லோடுமேன் மூட்டையோடு லாரி மேலிருந்து விழுந்துவிட்டார். நாங்கள் போவதற்குள் அவரைக் கடை வாசல்படியில் உட்கார வைத்துவிட்டார்கள். ஒருவர் தலையைப் பிடித்து ஆட்டி “தெரியுதா, தெரியுதா?” என்கிறார். இன்னொருவர் முகத்தில் தண்ணீர் அடிக்கிறார். வெங்காயக் கடைக்காரர் சோடாவோடு நிற்கிறார். அத்தனை பேரும் நல்லவர்கள். அதுதான் சிக்கலே.

“யாரும் தொடாதீங்க! வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க!” என்று கத்திக்கொண்டே குதித்தேன். கழுத்துக்குப் பட்டை மாட்டி, கட்டையைச் சாய்ப்பதுபோல் உடம்பு முழுவதையும் ஒன்றாகச் சாய்த்துப் பலகையில் கிடத்தினோம். நல்லவேளை, இரண்டு பாதமும் அசைந்தன. வண்டிக் கதவைச் சாத்தப் போகையில் கடைக்காரர் ஓடி வந்தார். “ஒடைச்சாச்சுண்ணே, வீணாப் போகுது. நீங்களாச்சும் குடிங்க!”

குட்டியானை

எழுமலைப் பக்கம் புளி உலுக்க ஏறிய சின்னமணி மரத்திலிருந்து விழுந்துவிட்டார் என்று அழைப்பு வந்தது. பறந்தோம். மரம் இருக்கிறது, உதிர்ந்த புளி இருக்கிறது, ஆளைக் காணோம். “குட்டியானையில ஏத்தி எலும்பு வைத்தியர்ட்ட கொண்டு போயிட்டாங்களே” என்றார் புளி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா. எங்கள் டிரைவர் பாண்டி அண்ணன் வண்டியைத் திருப்பிய வேகத்தில் நான் கதவில் முட்டிக்கொண்டேன்.

வைத்தியர் வாசலில் அந்தச் சின்னச் சரக்கு வண்டி நின்றது. ஒருவர் அக்குளிலும் ஒருவர் காலிலும் கைகொடுத்து சின்னமணியை இறக்கப் போனார்கள். குறுக்கே பாய்ந்தேன். கால் பெருவிரலை அழுத்திக் கிள்ளி, “தெரியுதா?” என்றேன். “எதுண்ணே? காலு இருக்கான்னே தெரியலையே” என்றார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி செல்விக்கு முகம் வெளுத்துவிட்டது.

சின்னமணியின் மாமனார் மட்டும் அசையவில்லை. “மதுரைக்குப் போனா முதுகக் கிழிச்சுப் போட்டுருவாய்ங்க. இங்க நாலு கட்டு கட்டுனா நடந்துருவான்.” பேசப் பேச அந்தக் கால்கள் அல்லவா கைவிட்டுப் போகின்றன! எல்லோரும் வைத்தியரைப் பார்த்தார்கள். அவர் எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாக வைத்தார். “தம்பி கொண்டு போகட்டும். இதத் தொட்டா அவன் காலும் போகும், எம்பேரும் போகும்.”

வேகத்தடை

சீக்கிரமும் போக வேண்டும், குலுங்கவும் கூடாது. உசிலம்பட்டி சாலையில் எத்தனை வேகத்தடை என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பாண்டி அண்ணன் ஒவ்வொன்றிலும் பால் பானையைச் சுமப்பவர்போல ஏறி இறங்கினார். உள்ளே சின்னமணிக்கு ரத்த அழுத்தம் சரிந்துகொண்டே வந்தது. ஆக்சிஜன் வைத்து, சலைன் ஏற்றி, மறுகையால் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். ஸ்கேனுக்கும் ஆபரேஷனுக்கும் ஆட்கள் தயாராக வேண்டுமே.

முன்சீட்டில் மாமனாருக்குப் பொறுமை போய்விட்டது. “ஏப்பா பாண்டி, இந்த வண்டிக்கு எதுக்கு சைரன்? மேளம் வச்சிருங்க, பொண்ணழைப்புக்குத் தோதா இருக்கும்.”

பெருவிரல்

ஆஸ்பத்திரி வாசலிலேயே காத்திருந்து வாங்கிக்கொண்டார்கள். அன்றைக்கே ஆபரேஷன். பிறகு ஒரு ஓய்வு நாளில் வார்டுப் பக்கம் போனேன். என்னைப் பார்த்ததும் செல்வி கையைப் பிடித்து இழுக்காத குறை. “வாங்கண்ணே, வந்து பாருங்க!” போர்வையை விலக்கினார். சின்னமணி பல்லைக் கடித்தார். ஒன்றுமில்லை. மறுபடியும் கடித்தார். இடது கால் பெருவிரல் ஆடியது! ஐம்பதை நெருங்குகிற நான் விசில் அடித்துவிட்டேன். நர்ஸ் திட்டினார். எழுந்து நடப்பாரா என்று டாக்டர்கள் இன்னும் சொல்லவில்லை. நேரத்துக்கு வந்ததால் நரம்பில் உயிர் இருக்கிறது என்றார்கள்.

சின்னமணிக்கு வியர்த்துக் கொட்டியது. “இன்னைக்கு இம்புட்டுத்தாண்ணே. நாளைக்கு வாங்க, மிச்சத்த ஆட்டிக் காட்டுறேன்.”

ஆக, அடிபட்டவரைக்கூடச் சமாளித்துவிடலாம், தூக்கிவிட ஓடி வருகிற நல்லவர்களைச் சமாளிப்பதுதான் எங்கள் தொழில்.

அடுத்த விடுமுறைக்கு ஒரு பலகையும் கழுத்துப் பட்டையும் வாங்கிக்கொண்டு எழுமலைப் பக்கம் போய், அந்த எலும்பு வைத்தியர் வீட்டில் வைத்துவிட்டு, அவர் போனில் என் நம்பரைப் பதிந்து கொடுத்துவிட்டு வந்தேன்.