காசிமாயனின் கான்வாய்

உசிலம்பட்டிக்காரரான காசிமாயன் ராணுவத்தில் துப்பாக்கியோடு எல்லையில் நின்றவர் அல்ல. நின்றவர்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டுபோய்ச் சேர்த்தவர். வெள்ளைக்காரன் காலத்தில் கோவேறு கழுதைகளோடு தொடங்கிய சரக்குப் படைப்பிரிவில் லாரி டிரைவர். லாரிகள் வந்த பிறகும், ரோடு முடிகிற இடத்தில் மூட்டைகள் கழுதை முதுகுக்குத்தான் மாறின.

பென்ஷனுக்குப் பிறகு திருப்பூரில் குடியேறி, கிட்டுசாமியின் பனியன் கம்பெனியில் லாரி ஓட்டினார். டீ குடிக்கும்போதெல்லாம் காஷ்மீரின் சோஜிலா கணவாய் அவர் பேச்சில் வந்துவிடும். பனி விலகிப் பாதை திறந்ததும் கான்வாயாக, வரிசை கட்டிக் கிளம்பும் லாரிகள், உறைந்த டீசலை இளக்க மூட்டிய நெருப்பு, அதைச் சுற்றி நின்ற சேக்காளிகள்.

சுனாமி வந்த வாரம், கம்பெனிகள் சேர்ந்து துணியும் அரிசியும் தண்ணீர்க் கேன்களும் திரட்டின.

“ஏனுங்க காசிமாயன், நாகப்பட்டினத்துக்கு லாரிக போகுதுங்க. நீங்க முன்னாடி லாரிய ஓட்டிட்டுப் போறீங்களா?” என்றார் கிட்டுசாமி.

“போறேன் மொதலாளி. லோடு ஏத்தும்போது நான் கூட நிக்கணும்.”

முதலில் இறக்க வேண்டிய தண்ணீர்க் கேன்களைக் கடைசியில் ஏற்றச் சொன்னார். எல்லாவற்றுக்கும் பின்னால் வரும் லாரியில் மெக்கானிக் குமாரவேலை உட்கார வைத்தார். வெள்ளகோவில் தாண்டியதும் கண்ணாடியைப் பார்த்தார். லாரிகள் இடைவெளி விட்டு, ஒன்றையொன்று முந்தாமல் வந்துகொண்டிருந்தன. எத்தனையோ வருஷமாயிற்று இப்படிப் பார்த்து. அவருக்குக் கண் கலங்கியது.

மக்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் சரக்கை இறக்கினார்கள். கொடுத்த சேலையைப் பிரிக்காமலே ஒரு பெண் கேட்டாள்:

“அண்ணே, எங்கயாச்சும் போன் பேச முடியுமா? மக மெட்ராஸ்ல இருக்கா. நான் உசுரோட இருக்கறது அவளுக்குத் தெரியாது.”

மலைமேல் ஜவான்களும் அப்படித்தான். அரிசி மூட்டையைத் தாண்டி வந்து, தபால் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

அங்கே போன் லைன் எல்லாம் அறுந்து கிடந்ததால், காலி லாரியில் அவளையும் இன்னும் சிலரையும் ஏற்றிக்கொண்டு திருவாரூர் போனார். எஸ்.டி.டி. பூத்துக்குள் அவள், “நான்தான்டி, அம்மா பேசறேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னது வெளியே கேட்டது.

அவர்கள் பேசி முடித்ததும் கிட்டுசாமிக்கு போன் போட்டார்.

“லோடு எறக்கியாச்சு மொதலாளி. இங்க சனங்க போன் பேசணும்னு காத்துக் கெடக்காங்க. கூட்டிட்டுப் போக இன்னும் ரெண்டு நாள் லாரி வேணும்.”

“இருந்து பாத்துட்டே வாங்க,” என்றார் கிட்டுசாமி.

அந்த ரெண்டு நாளும் முடிந்து வீடு திரும்பியவருக்கு மனைவி செல்லத்தாய் சோறு போட்டாள். “மேலுக்கு அசதியா இருக்கா?” என்று கேட்டாள்.

“இல்ல. பட்டாளத்துல என் யூனிட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கு,” என்றார்.