துவாய் பிடித்தவள் நனைந்த கதை

எங்கள் சபையில் ஞானஸ்நானம் என்றால் துவாய் பிடிப்பது என் வேலை. கண்டக்குழிக் கடலில் முங்கி எழுந்து, கண்ணீரும் உப்புநீருமாக வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு துவாயை நீட்டி, "ஸ்தோத்திரம், முதல்ல தலையத் துடை" என்பேன். யுத்தம் முடிந்து, கரையில் கூட்டமாக நிற்க யாரையும் கேட்கத் தேவையில்லாத காலம் வந்ததிலிருந்து வருடாவருடம் இதுதான். நான் மட்டும் நனைந்ததில்லை.

ஆசை இல்லாமல் இல்லை. ஆயத்த வகுப்புக்கு என்னைப்போல் தவறாமல் போனவர்கள் கிடையாது. பிரச்சினை என் வாய். நானும் என் கணவரும் கருவாடு காயப்போடும் வாடி ஒன்று வைத்திருக்கிறோம். லொறியில் வரும் முதலாளிமாரோடு தராசடியில் நின்று மல்லுக்கட்டி முறுக்கேறிய வாய் இது. விடியக் காகத்தோடு தொடங்கினால் பொழுதுபடும்வரை ஓயாது. இந்த வாயோடு ஆண்டவருக்கு முன்னால் எப்படிப் போய் நிற்பது? ஆகவே எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். ஞானஸ்நானத்துக்கு முந்திய ஒரு வாரம் யாரையும் திட்டக்கூடாது. அந்த வாரத்தைக் கடந்துவிட்டால் தண்ணீரில் இறங்குவேன். இல்லாவிட்டால் துவாய்.

அப்படி ஒரு வாரம் வாய்க்கவேயில்லை. ஒரு வருடம் சனிக்கிழமை பின்னேரம்வரை சமாளித்தேன். அப்போது பார்த்து ஒரு நாய் பெரிய பாரைக் கருவாடாகத் தேடிக் கவ்விக்கொண்டு ஓடியது. நாயையும் திட்டினேன், நாய்க்காரனையும் திட்டினேன். இன்னொரு வருடம் சிலாபத்து முதலாளி தராசுத் தட்டில் விரலை வைத்தார். அவரைச் சிங்களத்தில்தான் திட்டினேன். "சிங்களத்தில திட்டினது கணக்கில சேராது, நீ இறங்கு" என்று என் மனுசன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஆண்டவருக்குச் சிங்களம் தெரியாதா என்ன?

பாஸ்டர் என் சித்தியின் மகன். சின்ன வயதில் அவருக்கு மூக்குச் சிந்திவிட்டதே நான்தான். சபையில் நான் மரியாதையாகப் பாஸ்டர் என்பேன், அவர் அக்கா என்பார். கிருபையைப் பற்றிய பாடம் வந்தால் என் முகத்தைப் பார்த்தே நடத்துவார்.

"கிருபை எண்டா கூலி இல்ல அக்கா. உழைச்சு வாங்கிறதில்ல. சும்மா தாறார்."

"ஓம் பாஸ்டர், சும்மா தாறார்தான். எண்டாலும் ஒரு வீட்டுக்குப் போறதெண்டா முகத்தையாவது கழுவிட்டுத்தானே போகோணும்?"

"கழுவிவிடத்தானே அக்கா வரச் சொல்றார்."

விளங்கும். விளங்கினாலும் மனம் இடம் கொடுக்காது. யாராவது மீனை மலிவாகத் தந்தால் நான் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவள். சும்மா வருகிற எதிலும் எனக்குச் சந்தேகம். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. முங்கி எழுந்த கையோடு யாரையாவது திட்டிவிட்டால், கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொள்வாரே! இப்படியே போனால் நனையாமலே செத்துவிடுவேனோ என்று அதற்கும் பயந்தேன்.

பிறகு ஒரு வருடம் அதிசயமாக வெள்ளி தாண்டியது, சனி தாண்டியது. எனக்குக் காய்ச்சலோ என்று மனுசன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஞாயிறு காலை வெள்ளை உடுப்போடு கரையில் நின்றேன். வரிசையில் நான்தான் கடைசி ஆள். பிடிக்க வேறு ஒருவரும் இல்லாததால் துவாய்களும் என் கையில்தான்.

தென்மேல் காற்றுக் காலம். காற்று எழும்ப முன்னர், ஏழு மணிக்கே முடித்துவிடுவதாகத்தான் ஏற்பாடு. கிற்றார் நரம்பு அறுந்தது. அதைக் கட்டும்வரை ஒரு பாட்டு, கட்டி முடித்த சந்தோசத்தில் இன்னுமொரு பாட்டு. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் வழுக்கி ஓடும் வெள்ளைக்காரர்கள்கூடக் கடலில் இறங்கிவிட்டார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இன்னும் கொஞ்ச நேரம்தானே!

முதல் ஆளை முக்கி எடுத்தாயிற்று. இரண்டாவது ஆளைப் பாஸ்டர் பிடிக்கும்போது வந்தது ஒரு அலை. அந்த ஆள் மீன்பிடிக்காரர், உதறிக்கொண்டு எழுந்து நின்றார். பாஸ்டரைக் காணவில்லை. ஒரு கை தெரிந்தது, பிறகு வேதப்புத்தகம் தெரிந்தது, பிறகு இரண்டும் தெரியவில்லை.

துவாய்கள் எங்கே போயின என்று தெரியாது. நான் கடலுக்குள் ஓடிக்கொண்டிருந்தேன், வாய் எனக்கு முன்னால் ஓடியது.

"அடேய் விசரா! காத்து வரும், வெள்ளனக் கெதியா முடி எண்டு சொன்னதா இல்லையா? பாட்டாம் பாட்டு! மாட்டுக்கு இருக்கிற அறிவு உனக்கு இல்லையாடா?"

சட்டைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினேன். அடுத்த அலை இருவரையும் சேர்த்து உருட்டியது. எழுந்து, மூக்கால் தண்ணீர் ஒழுக, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். பரம்பரையையும் இழுத்தேன், அது என் பரம்பரையும்தான் என்பது அப்போது ஞாபகம் வரவில்லை. மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினேன். எங்கள் சபையில் ஒரு பெரியவர் இருக்கிறார், எங்கே ஒரு இடைவெளி கிடைத்தாலும் "ஆமென்" சொல்லிவிடுவார். சொன்னார்.

முதலில் பாஸ்டர்தான் சிரித்தார். இருமிக்கொண்டே சிரித்தார். எனக்கும் பற்றிக்கொண்டது. நெஞ்சளவு தண்ணீரில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, வயிறு நோக, நிறுத்த முடியாமல் சிரித்தோம்.

சிரிப்பின் நடுவில்தான் உறைத்தது. என் வாரம் போயிற்று. அதுவும் எப்படி! நாயையல்ல, முதலாளியையல்ல, ஊழியக்காரனை, ஞானஸ்நானத்தன்று, முழுச் சபைக்கும் முன்னால். இனிக் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. தலைச்சுமையை இறக்கி வைத்ததுபோல ஒரு லேசு.

"தம்பி, எனக்கும் குடு" என்றேன்.

"இப்பயா அக்கா?"

"இப்பவே. இனி இதவிடக் கேவலமா நான் நிக்கப் போறதில்ல."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அக்கா, நீங்க திருந்தி முடிச்ச பிறகுதான் தாறதெண்டா, ஆண்டவர் சிலுவைக்கு ஏன் போனவர்?"

என்னை ஒரு ஆளால் சாய்க்க ஏலாது என்று மனுசனும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்திலே என்று சொல்லும்போது பாஸ்டரின் குரல் இன்னும் சிரிப்பில் நடுங்கியது. முங்கினேன். காதுக்குள் கடல் இரைந்தது. வேறொன்றையும் நான் நினைக்கவில்லை. எழும்பியபோது எல்லாரும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டோவில் ஏறும்போதுதான் பார்த்தேன், என் செருப்பில் ஒன்றைக் காணவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள் என்று மனுசனிடம் கொடுத்தது. "புதுச் செருப்பு! ஒரு சோடிச் செருப்பப் பாத்துக்கொள்ள ஏலாத மனுசன்" என்று தொடங்கியவள், சந்திவரை நிறுத்தவில்லை. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஆட்டோக்காரரின் முதுகைத் தட்டப்போனவர்போலக் கையைத் தூக்கினார்.

"என்ன, ஆட்டோவைத் திருப்பச் சொல்லவா? போய் இன்னொருக்கா முக்கி எடுப்பமா?"

"தேவையில்ல. அது முடிஞ்சுது" என்றேன்.

சொன்ன பிறகுதான் நானே அதைக் கேட்டேன். செருப்பில்லாத காலை மற்றக் காலின்மேல் போட்டுக்கொண்டு, ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பார்க்க, வீடுவரை சந்தோசத்தில் அழுதுகொண்டு போனேன்.