வலிக்காத கால்

எனக்குப் பத்து வயதில் ஓர் உத்தியோகம் கிடைத்தது. பெரியம்மா தனக்குத்தானே என்ன பேசிக்கொள்கிறார் என்று கவனித்துப் பெரியப்பாவிடம் சொல்ல வேண்டும். பெரியம்மாவுக்குச் சர்க்கரை ஜாஸ்தியாகி, தினமும் காலையில் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. இவரோ வாசற்படி இறங்குவதற்குள் "என்னால ஆவாது" என்று மூன்று முறை சொல்லிவிட்டு உள்ளே திரும்பிவிடுவார். அதனால் டாக்டரம்மா மாத்திரையோடு ஒரு வாக்கியத்தையும் கொடுத்து அனுப்பினார்.

"ஆவாதுன்னு சொல்லாதீங்க. அடுத்த கம்பம் வரைக்கும் நடப்பேன்னு சொல்லிக்கிட்டே போங்க. செருப்பு இல்லாம மட்டும் நடக்காதீங்க."

அடி அண்ணாமலையில் எங்கள் வாசலைத் தாண்டினால் மலை சுற்றும் பாதைதான். அதில் போய்ச் செருப்பா? அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் பெரியம்மா ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்தார். நிறைமாதக் கர்ப்பிணி போல மெதுவாகச் சுற்ற வேண்டும் என்பது ஊர் வழக்கம். வேர்க்க வேர்க்க நடக்க வேண்டும் என்பது டாக்டர் கட்டளை. யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல், கூடப் போன நான் அவர் முந்தானையைப் பிடித்து ஒரு நேரம் இழுத்தேன், ஒரு நேரம் நிறுத்தினேன்.

ஆனாலும் மந்திரம் பலித்தது. முதலில் கம்பம், பிறகு புளியமரம், ஒரு மாதத்தில் அடுத்த லிங்கக் கோயில் வரை போய்வந்தார். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. சொந்தமாக ஒரு வாக்கியம் சேர்த்தேன்.

"கால் வலிக்கலன்னு சொல்லு பெரியம்மா. வலிக்காது."

அவரும் சொல்லிப் பார்த்துச் சிரித்தார். "நெசமாவே வலிக்கலடி பாப்பா. முன்னெல்லாம் எரியும். இப்ப பஞ்சு மேல நடக்கிற மாதிரி கீது."

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அதை என் காலிலும் சோதிக்க நினைத்து, ஒரு நெருஞ்சி முள்ளின் மேல் வேண்டுமென்றே மிதித்து, "வலிக்கல, வலிக்கல" என்றேன். உயிர் போய்விட்டது. அதே பாதை, அதே வார்த்தை, பெரியம்மாவுக்குப் பலிப்பது எனக்கு ஏன் பலிக்கவில்லை? எனக்குப் பக்தி கம்மி என்று முடிவுசெய்து, மறுநாள் விபூதியை அப்பிக்கொண்டு இன்னொரு முள்ளை மிதித்தேன். அதுவும் வலித்தது.

அந்த வாரமே ஒரு நாள், பெரியம்மாவுக்குப் பின்னால் நடந்தபோது தார் ரோட்டில் சிவப்புத் திட்டுகளைப் பார்த்தேன். யாரோ குங்குமம் சிந்தியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவர் வலது காலை எடுக்க எடுக்கப் புதிதாக ஒன்று விழுந்தது.

"பெரியம்மா, ரத்தம்!"

அவர் நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். "ஐயோ பாவம், யாருதுடி?"

கட்டைவிரலுக்கு அடியில் ஒரு பாட்டில் துண்டு முழுசாக இறங்கியிருந்தது. புண் ஆறவே இல்லை. கடைசியில் விரலையே எடுத்தார்கள். சர்க்கரையில் காலின் உணர்ச்சி போய்விட்டது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். என் வாக்கியம் அவர் காலைக் காப்பாற்றாமல் பொய்த்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். குற்றவாளிபோல ஒளிந்து திரிந்தேன், ஒருவரும் திட்டாதது இன்னும் பயமாக இருந்தது.

மறுபடி நடக்க ஆரம்பித்த அன்று, பெரியம்மா மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ரப்பர் செருப்பை மாட்டினார். "அந்தக் கம்பம் வரைக்கும் நடப்பேன்" என்றார். பிறகு உதடு மட்டும் அசைந்தது. நான் பக்கத்தில் போய், என்ன சொல்கிறார் என்று மெல்லக் கேட்டேன்.

"கொஞ்சமாச்சும் வலிக்கட்டும்னு சொல்லிக்கிறேன்டி."

எனக்குத் தலை சுற்றியது. வலி வேண்டும் என்று யாராவது வேண்டிக்கொள்வார்களா? ஓடிப்போய்ப் பெரியப்பாவிடம், "பெரியம்மா மந்திரத்தத் தப்பா சொல்லுது" என்று கோள் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது எதற்கு என்பதும் எனக்குப் புரியவில்லை.