மெதுவாகப் பேசுங்கள், வைன் இருக்கிறது

ஹந்தானைப் பாதையில் நான் வாடகைக்கு இருந்தபோது மேல்மாடி வீட்டில் ஒருவர் மனைவியோடு இருந்தார். ஒல்லியான மனிதர், வீட்டுக்குள்ளும் ஸ்வெட்டர்தான். மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய, போத்தல்கள் நிறைந்த வைன் அலுமாரி ஒன்று அவருடைய ஹாலில் குளிர்ந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் யாரும் உரக்கப் பேசக் கூடாது.

"அதிர்ந்தா ருசி போயிரும் டீச்சர்" என்று கிசுகிசுப்பார்.

தினமும் கண்ணாடியைத் துடைப்பார், குளிர் சரியா என்று பார்ப்பார். நத்தார் பண்டிகைக்குக்கூட ஒரு போத்தல் திறந்ததில்லை.

ஒருநாள் பின்னேரம் கரண்ட் போனது. மேலேயிருந்து அவர் கத்தினார்.

"டீச்சர், ஓடி வாங்க! சூடேறினா எல்லாம் பழுதாயிரும்!"

ஓடினேன். மெழுகுதிரி வெளிச்சத்தில் கிளாஸ்கள் தயாராக நின்றன. ஒரு போத்தல் முடிவதற்குள் அவருடைய மனைவியும் நானும் காரணமே இல்லாமல் சிரிக்கத் தொடங்கியிருந்தோம். அவர் பைலா பாடி ஆடியதில் அலுமாரியே குலுங்கியது.

அடுத்த போத்தலுக்குக் கை நீட்டும்போது லைட் வந்துவிட்டது. அலுமாரி மறுபடி 'ம்ம்' என்றது. அவர் நுனிக்காலில் நடந்துபோய் மெயின் சுவிட்சை ஓஃப் பண்ணினார்.

"இன்னும் வரல்ல டீச்சர்" என்று கிசுகிசுத்தார்.

இப்போது வேறு வீட்டில் இருக்கிறேன். ஆனாலும் கரண்ட் போனால் என் கை மெழுகுதிரியைத் தேடுவதில்லை, கிளாஸைத்தான் தேடுகிறது.